காலணிக்கும் ஆயுள் உண்டு

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். சர்க்கரை நோய் கண்டவர். நாள்தோறும் நடக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதிலிருந்து, சுப்ஹுத் தொழுகை முடிந்ததும் நான்கு கிலோ மீட்டர் நடப்பதை அவர் விட்டதே இல்லை. மகன் வளைகுடா நாட்டிலிருந்து வாங்கி வந்த ஓட்டக் காலணிகளைத்தான் அணிவார். நான்கு ஆண்டுகள் கழிந்தும் அவை புதியன போலவே பளபளத்தன. "வேறு வாங்கிக்கொள்ளுங்கள் வாப்பா" என்று மகன் சொல்லும்போதெல்லாம், "நல்லா இருக்கிற பொருளை எறியச் சொல்றியே, அது வீண் விரயம் இல்லையா?" என்று கேட்பார்.

ஒரு நாள் அவர் கழற்றிப் போட்ட காலுறையில் இரத்தக் கறையைக் கண்டவர் அவருடைய மனைவிதான். பெருவிரலின் அடியில் கொப்புளம் உடைந்து புண்ணாகியிருந்தது. பெரியவருக்கோ வலியே தெரியவில்லை. புண் ஆற மூன்று மாதங்களாயின. இறைவன் அருளால் விரல் தப்பியது. காலணியைக் கையில் வாங்கிய மருத்துவர் உள்ளே விரல்களை விட்டு அழுத்திப் பார்த்தார். மெத்தென்று இருக்க வேண்டிய இடம் பலகையாக இறுகிக் கிடந்தது.

மேலே கிழியாத வரை காலணி நன்றாக இருக்கிறது என்றே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் காலணி முதலில் பழுதாவது நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான்.

எது தேய்கிறது?

ஓட்டக் காலணியில் மூன்று பகுதிகள் உண்டு. பாதத்தை மூடும் மேற்பகுதி ஒன்று. தரையைத் தொடும் ரப்பர் சோல் மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே அதிர்ச்சியைத் தாங்கும் மெத்தை இருக்கிறது. 1970களின் நடுப்பகுதியிலிருந்து இம்மெத்தை பெரும்பாலும் எத்திலீன் வினைல் அசிட்டேட் என்னும் நுரைப்பொருளால் செய்யப்பட்டு வருகிறது. அதனுள் எண்ணற்ற நுண்ணிய காற்றறைகள் உள்ளன. ஒவ்வோர் அடிக்கும் அவை நசுங்கி மீள்கின்றன. ஓடும்போது பாதத்தின்மீது விழும் விசை உடல் எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு வரை இருக்கும். பல்லாயிரம் முறை நசுங்கிய பிறகு அக்காற்றறைகள் முன்போல் மீளுவதில்லை.

1985-ஆம் ஆண்டில் அமெரிக்க விளையாட்டு மருத்துவ இதழொன்றில் வெளிவந்த ஆய்வு இதை அளந்து காட்டியது. இயந்திரத்தில் பொருத்திச் சோதித்த காலணிகள் 80 கி.மீ. தொலைவிலேயே அதிர்ச்சி தாங்கும் திறனில் கால் பங்கை இழந்தன. 400 முதல் 800 கி.மீ. தொலைவுக்குள் எஞ்சிய திறன் 60 விழுக்காட்டுக்கும் குறைவே. மனிதர்கள் அணிந்து ஓடியபோது இழப்பு சற்றுக் குறைவாக இருந்தது, 800 கி.மீ. முடிவில் ஏறத்தாழ 70 விழுக்காடு எஞ்சியது. விலை கூடிய காலணிக்கும் குறைந்த காலணிக்கும் இதில் வேறுபாடு காணப்படவில்லை என்பது நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய செய்தி. இன்றைய நுரைப்பொருள்கள் அன்றையவற்றினும் மேம்பட்டவை. எனினும் நாள்பட உழைத்துத் தளர்வது எல்லாவற்றுக்கும் பொது.

நாள் கணக்கல்ல, தொலைவுக் கணக்கு

ஓட்டக் காலணிகளை 500 முதல் 800 கி.மீ. தொலைவுக்குள் மாற்றிவிடுவது நலம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. வாரத்தில் ஆறு நாள், நாளொன்றுக்கு 5 கி.மீ. ஓடும் இளைஞர் ஐந்தே மாதங்களில் 600 கி.மீ. கடந்துவிடுவார். நடப்பவரின் பாதத்தில் விழும் விசை குறைவு என்பதால் அவருடைய காலணி கூடுதலாக உழைக்கும். உடல் பருத்தவருக்கும் கரடுமுரடான சாலையில் செல்பவருக்கும் முன்னதாகவே தேயும். ஆகவே இவ்வளவை நினைவூட்டலாகக் கொள்ள வேண்டும். காலணி வாங்கிய நாளை அதன் நாக்கின் உட்புறத்தில் பேனாவால் எழுதி வைத்தால் கணக்கு மறக்காது.

கணக்கோடு கண்ணும் கையும் துணை நிற்கட்டும்:

காலணிகளை மேசைமீது வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் மெத்தை ஒருபுறம் அமுங்கிவிட்டது என்று பொருள்.

மெத்தையின் பக்கச் சுவரைப் பாருங்கள். எடையில்லாத போதும் மறையாத ஆழ்ந்த சுருக்கங்கள் தளர்ச்சியின் அடையாளம்.

அடியிலுள்ள ரப்பரின் வரிகள் அழிந்து வழவழப்பானால் மழைக்காலத்தில் வழுக்கி விழ நேரும். குதிகாலின் வெளி ஓரம் சற்றே தேய்வது இயல்பானதுதான்.

குதிகாலைப் பிடித்து நிறுத்தும் பின்சுவர் விறைப்பாக இருக்க வேண்டும். பள்ளிவாசல் வாயிலில் அவசரத்தில் நாடாவை அவிழ்க்காமல் பின்பக்கத்தை மிதித்தே நுழைக்கும் பழக்கம் நம்மிடையே மிகுதி. புதுக் காலணியையும் சில வாரங்களில் இது கெடுத்துவிடும்.

வழக்கமான தொலைவை நடந்தும், காரணமின்றிக் கெண்டைக்காலிலோ முழங்காலிலோ குதிகாலிலோ புதிய வலி தோன்றினால் முதலில் காலணியைச் சோதியுங்கள். வலி நீடித்தால் மருத்துவரிடம் செல்லுங்கள்.

தேய்ந்த அடியில் புது ரப்பர் ஒட்டித் தைத்துக்கொள்பவர்கள் உண்டு. அதனால் பிடிப்பு திரும்பும். உள்ளே செத்துப்போன மெத்தை திரும்பாது.

அலமாரியில் காத்திருக்கும் காலணி

வெளிநாட்டிலிருந்து வந்த நல்ல காலணியைப் பெருநாளுக்கென்று பெட்டியிலேயே வைத்துக் காப்பதும் நம் வீடுகளில் வழக்கம். சில ஆண்டுகள் கழித்து எடுத்து அணிந்தால் நாலடி வைப்பதற்குள் சோல் பிஸ்கட்போல் உதிர்ந்துவிடுவதைப் பலர் கண்டிருப்பீர்கள். பாலியூரித்தேன் என்னும் பொருளால் ஆன சோல்கள் காற்றிலுள்ள ஈரத்தை ஏற்று மெல்லச் சிதைகின்றன. வெப்பம் அதை விரைவாக்குகிறது. நம் கடற்கரை ஊர்களின் புழுக்கம் இதற்கு மிகவும் ஏற்றது. வாங்கிய காலணியை அணிந்து பயன்பெறுவதே சிக்கனம்.

வலி பேசாத பாதம்

பெரும்பாலோருக்குத் தேய்ந்த காலணியைக் காட்டிக் கொடுப்பது வலி. அந்த வலியே எழாத பாதத்தின் நிலை என்ன?

கொல்லிமலையில் 1914-இல் பிறந்த ஆங்கிலேய மருத்துவர் டாக்டர் பால் பிராண்ட், 1946 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரிடையே பணியாற்றினார். அவர்களுடைய விரல்களும் பாதங்களும் சிதைவதற்குப் பெருங்காரணம், உணர்ச்சி இழந்தமையால் காயம் பட்டதை அறியாமல் அவற்றைத் தொடர்ந்து பயன்படுத்துவதே என்று கண்டு சொன்னவர் அவர். அத்தகைய பாதங்களுக்கு மென்மையான ரப்பரால் ஆன காலணிகளை உருவாக்குவதில் அவரும் அவருடைய குழுவினரும் உழைத்தனர். பின்னாளில் அமெரிக்கா சென்ற அவர், அதே பாடத்தைச் சர்க்கரை நோயாளரின் பாதங்களுக்கும் பொருத்திக் காட்டினார். இன்று எம்.சி.ஆர். செருப்பு என்று கடைகளில் கேட்டு வாங்கப்படுவது இவ்வகை ரப்பரால் ஆனதே.

நாள்பட்ட சர்க்கரை நோய் பாத நரம்புகளைக் கெடுக்கக்கூடும். அப்போது காலணியில் கூழாங்கல் கிடந்தாலும் தெரியாது. மெத்தை செத்தாலும் தெரியாது. ஆகவே சர்க்கரை நோயுள்ளோர் ஆண்டுக்கு ஒரு முறையேனும் மருத்துவரிடம் பாதத்தின் உணர்ச்சியைச் சோதித்துக்கொள்ள வேண்டும். மெல்லிய நைலான் இழையால் தொட்டுப் பார்க்கும் எளிய சோதனை அது. உணர்ச்சி குறைந்தவர்கள், தங்களுக்கேற்ற காலணி எது என்பதையும் அவரிடமே கேட்டறிய வேண்டும்.

அணியுமுன் காலணிக்குள் கைவிட்டுத் தடவிப் பாருங்கள். இரவில் இரு பாதங்களின் அடிப்புறத்தையும் பாருங்கள். குனிய முடியாதவர் கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம், அல்லது வீட்டாரைப் பார்க்கச் சொல்லலாம். ஒளூச் செய்த ஈரத்தோடு காலுறையை மாட்டாமல், விரலிடுக்குகளை நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள்.

புதியது வாங்கும்போது

மாலை நேரத்தில் கடைக்குச் செல்லுங்கள். பகலெல்லாம் நின்று நடந்த பாதம் அப்போது சற்றுப் பெரிதாக இருக்கும். அணியப்போகும் காலுறையையும் பழைய காலணியையும் உடன் கொண்டு செல்லுங்கள். இரு பாதங்களும் ஒரே அளவாக இருப்பது அரிது. பெரிய பாதத்துக்கே பொருத்தம் பாருங்கள். எழுந்து நின்ற நிலையில் நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். விரல்கள் தாராளமாக விரிய வேண்டும். குதிகால் வழுவக் கூடாது. எண்ணை மட்டும் நம்பாதீர்கள். பிரிட்டிஷ் எண்ணும் அமெரிக்க எண்ணும் வேறு; ஒரே எண்ணிலும் நிறுவனத்துக்கு நிறுவனம் அளவு மாறும். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளிடம் வாங்கி வரச் சொல்பவர்கள், காகிதத்தில் பாதத்தை வரைந்து அதன் நீளத்தைச் சென்டி மீட்டரில் அனுப்புவது நல்லது.

காலணியை இரு கைகளாலும் வளைத்துப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் அது வளைய வேண்டும். நட்டநடுவில் மடிந்தால் வாங்காதீர்கள்.

"உங்கள் பாதம் தட்டை, இந்தத் தனி வகைதான் சரி" என்று சொல்லி விலையை ஏற்றுபவர்கள் உண்டு. அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, மரீன் படை ஆகியவற்றில் பயிற்சிக்கு வந்தவர்களுக்குப் பாதத்தின் வடிவம் பார்த்துக் காலணி வழங்கிச் சோதித்த ஆய்வுகள் 2009, 2010-ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. அவ்வாறு வழங்கியதால் காயங்கள் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. அணிந்து கடைக்குள் நடக்கும்போதே இதமாக இருப்பதுதான் நல்ல அடையாளம். "போகப் போகச் சரியாகிவிடும்" என்ற சொல்லை ஏற்காதீர்கள்.

புதிய காலணியை முதல் நாளே முழுத் தொலைவுக்கும் அணிய வேண்டாம். சர்க்கரை நோயுள்ளோர் முதலில் ஓரிரு மணி நேரம் அணிந்து, கழற்றிப் பாதத்தில் சிவந்த தடங்கள் உண்டா என்று பார்த்த பிறகே நேரத்தைக் கூட்ட வேண்டும்.

எங்கள் தெருப் பெரியவர் இப்போது மீண்டும் நடக்கிறார். புதிய காலணியின் நாக்கில் தேதியை எழுதி வைத்திருப்பவர் அவருடைய மனைவி. பழைய காலணி தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் பேரனுக்கும் கொடுக்கப்படவில்லை, குப்பைக்கே போயிற்று. "அதை எறிஞ்சது விரயமில்லைங்க. மூணு மாசம் மருந்துக்கும் ஆட்டோவுக்கும் கொடுத்ததுதான் விரயம்" என்று அவர் என்னிடம் சொன்னார்.

இன்று மாலை உங்கள் வீட்டு வாசலில் கிடக்கும் காலணிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களுடையதை முதலில் பாருங்கள்.