மூட்டு வைத்த இறகுமீன்

பிரவுன் டிரவுட் மீன் குஞ்சாக இருக்கும் காலத்தில் பூச்சிகளைத் தின்றே வளர்கிறது. உடல் பெருத்த பிறகு அந்தத் தீனி கட்டுப்படியாகாது. சிறு மீன்களைத் துரத்தத் தொடங்குகிறது. தன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு உள்ள மீனையும் விழுங்கிவிடும். இத்தனை பெரிய வேட்டைக்காரனை ஏமாற்ற இறகு, மான்மயிர், நூல், கொஞ்சம் கம்பி போதும். இவற்றால் தூண்டில் முள்ளின்மேல் கட்டும் பொய்மீனுக்கு ஸ்ட்ரீமர் என்று பெயர்.

பத்து, பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள பொய்மீனை ஒரே நீண்ட முள்ளில் கட்டினால் இரண்டு தொல்லைகள். முதலாவது, அது குச்சிபோல் விறைத்து நிற்கும். இரண்டாவது, மாட்டிய மீன் தலையை உதறும்போது முள்ளின் நீண்ட தண்டே நெம்புகோலாகி, முள்ளைக் கழற்றிவிடும். இரண்டு தொல்லைக்கும் ஒரே விடை மூட்டு. குட்டையான இரண்டு முட்களை எடுத்து, முன்முள்ளின் தண்டோடு ஒரு மெல்லிய கம்பியை நூலால் இறுகக் கட்டி, அதன் வளையத்தில் பின்முள்ளின் காதைக் கோக்கிறார்கள். தண்டு குட்டையாவதால் நெம்பும் வலு குறைகிறது. உடலும் நடுவில் வளைகிறது.

கம்பியில் ஓரிரு பாசிமணிகளையும் கோப்பார்கள். அவை அழகுக்கு மட்டும் அல்ல. இரு முட்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் காப்பவை அவைதான். அது கூடினால் பின்பாதி மடங்கி முன்முள்ளில் சிக்கிக்கொள்ளும். குறைந்தால் மூட்டு அசையாது. சில மில்லிமீட்டரில் இருக்கிறது அந்த அளவு.

தலைதான் இன்னும் நுட்பமானது. மான்மயிரின் உள்ளே காற்று நிறைந்த நுண்ணறைகள் உண்டு. ஒரு கற்றையை முள்ளின்மேல் வைத்து நூலை இறுக்கினால், அழுத்தப்பட்ட மயிர் ஏறக்குறைய செங்குத்தாக விரிந்து நிற்கும். கற்றை கற்றையாக நெருக்கிக் கட்டி, பிளேடால் சீவினால் அகன்ற உருண்டைத் தலை கிடைக்கும். அந்தத் தலை எதிர்வரும் நீரைத் தள்ளுகிறது. அதன் பின்னால் சிறு சுழல்கள் பிறக்கின்றன. வாலில் கட்டிய மராபு என்னும் மென்மையான இறகு அந்தச் சுழல்களில் தானாக நெளிகிறது. பழங்காலத்தில் மராபு நாரையிடமிருந்து எடுத்த இறகு இது. இன்று வான்கோழியிடமிருந்து வருகிறது.

தள்ளப்பட்ட நீர் இன்னொரு வேலையும் செய்கிறது. மீனின் விலாவில் ஓடும் பக்கக்கோடு, நீரின் அசைவை உணரும் உறுப்பு. கலங்கல் நீரிலும் இரவிலும் கண்ணுக்குத் தெரியாத இரையை மீன் இதன் வழியாக அறிகிறது.

தூண்டில்காரர் நூலை வெடுக்கென்று இழுத்து நிறுத்தும்போதுதான் மூட்டின் முழு மதிப்பும் தெரிகிறது. டிரெய்லர் லாரி சடாரென்று பிரேக் போட்டால் பின்பெட்டி ஒருபுறம் திரும்பிவிடும் அல்லவா? இங்கும் தலை நின்றுவிட, பின்பாதி வந்த வேகத்தில் முந்தப் பார்க்கிறது. பொய்மீன் வளைந்து தன் விலாவைக் காட்டுகிறது. அடிபட்ட மீனும் இப்படித்தான் நிலை தடுமாறும். பெரிய டிரவுட் பாய்வது பெரும்பாலும் அந்த நொடியில்தான்.

மிச்சிகன் ஆறுகளில் பழகிய தூண்டில்காரர் கெல்லி கலப், பாப் லின்சன்மனுடன் சேர்ந்து 1999இல் வெளியிட்ட நூல் இந்த வகை மீன்பிடிப்பைப் பரவலாக்கியது. பின்னர் வந்த பிளேன் சாக்லெட் என்பவர் ஒரு மூட்டோடு நிற்கவில்லை. குட்டித் தண்டுகளை முதுகெலும்புபோல் வரிசையாகக் கோத்து, உடல் முழுக்க நெளியும் கேம் சேஞ்சர் என்னும் பொய்மீனை உருவாக்கினார்.

அளவு என்ன? முன்முள் 4ஆம் எண், பின்முள் 6ஆம் எண் என்பது வழக்கமான இணை. இந்த வரிசையில் எண் ஏற ஏற முள் சிறிதாகும். பின்பாதி சிறிதாக இருந்தால் உடல் வால்நோக்கி ஒடுங்கும், இலகுவாக வீசி ஆடும். ஆனால் மயிரும் இறகும் நீர் பிடித்துக் கனக்கும். வழக்கமான 5ஆம் எண் தூண்டில்கோல் இதை வீசத் திணறும். அதைவிட வலுவான 7 அல்லது 8 வேண்டும்.

நீளத்தையும் வடிவத்தையும் முடிவு செய்வது அந்தந்த ஆற்றில் ஓடும் சிறுமீன்கள். அமெரிக்க மலையாறுகளின் ஸ்கல்பின் அகன்ற தலையும் ஒடுங்கிய வாலும் கொண்டது. மிதக்க உதவும் காற்றுப்பை இல்லாததால் அடித்தரையிலேயே கிடக்கும். அதைப் போலச் செய்யும்போது தலையில் கனத்த ஈயக் கண்களை வைத்துக் கட்டுகிறார்கள். நிறுத்தியதும் பொய்மீன் தரை நோக்கிப் பாய்கிறது. மயிரும் இறகும் கம்பியும் தாமாக நீந்தத் தெரியாதவை. எதை எங்கே, எவ்வளவு வைத்துக் கட்டுவது என்று அறிந்த விரல்கள், மிச்ச வேலையை ஆற்று நீரிடம் ஒப்படைத்துவிடுகின்றன.