மண்டையோட்டைக் கடக்கும் மின்சாரம்

பசறை, ஹாலிஎல பக்கத்து லயங்களில் ஒருவர் நடுச்சாமத்தில் கத்தினால் அடுத்த காம்பராவும் விழித்துக்கொள்ளும். தூக்கத்திலேயே யாரையோ ஏசுவார், காலை உதறுவார், சில நேரம் கட்டிலிலிருந்தே விழுவார். எழுப்பிக் கேட்டால் நாய் துரத்தியதாகக் கனவு என்பார். வயசான காலத்தில் வரும் கெட்ட கனவு என்று வீட்டார் விட்டுவிடக்கூடும். மூளை மருத்துவர் விடமாட்டார். கை நடுங்கத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே பார்கின்சன் நோய் இப்படித் தலைகாட்டுவதுண்டு.

கனவு காணும்போது நாம் அசையாமல் கிடப்பதே மூளையின் ஏற்பாடுதான். மூளைத்தண்டிலுள்ள ஒரு நரம்புக் கூட்டம், கண்ணையும் மூச்சுத் தசையையும் விட்டுவிட்டு மற்றத் தசைகளை எல்லாம் தளர்த்திப் போடுகிறது. அது பழுதானால் கனவில் ஓடுபவர் கட்டிலிலும் ஓடுவார். அமெரிக்காவின் மினசோட்டாவில் கார்லோஸ் ஷெங்க், மார்க் மஹோவால்ட் ஆகியோர் 1986இல் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். தூக்கப் பரிசோதனையில் இது உறுதியான 1,280 பேரைத் தொடர்ந்து கவனித்த ஒரு பன்னாட்டு ஆய்வு 2019இல் வெளியானது. அதன் கணிப்புப்படி 12 ஆண்டுகளுக்குள் நூற்றுக்கு ஏறக்குறைய 73 பேருக்குப் பார்கின்சனோ அதை ஒத்த நோயோ வருகிறது.

நோய் வந்த பிறகும் இரவு லேசில் கழிவதில்லை. மாத்திரையின் வேகம் விடியுமுன் தணிந்துவிட, உடம்பு விறைத்து, புரண்டு படுக்கக்கூட முடியாமல் போகிறது.

இங்கேதான் அறுவையே இல்லாத ஒரு வழி வருகிறது. 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தோனி பார்க்கரும் அவர் குழுவினரும் ஒரு கம்பிச் சுருளைத் தலைமேல் பிடித்து, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரம் அதில் பெரும் மின்சாரத்தைப் பாய்ச்சினார்கள். அதில் பிறக்கும் காந்தப்புலத்தை எலும்பு தடுப்பதில்லை. மாறும் காந்தப்புலம் மின்சாரத்தைப் பிறப்பிக்கும் என்று ஃபாரடே 1831இலேயே காட்டிவிட்டார்; அந்த மின்சாரம் இப்போது மூளைக்குள்ளேயே பிறக்கிறது. இதுதான் காந்தத் தூண்டல். கையை இயக்கும் பகுதிக்கு மேலே சுருளை வைத்தால் 'டக்' என்று ஒரு சத்தம். உடனே எதிர்ப்பக்கத்துக் கட்டைவிரல் தானாகத் துள்ளும். துள்ளவைத்தது விரலுக்குரியவரின் மனம் அல்ல!

சிக்கல் என்னவென்றால், சாதாரணச் சுருளின் வீச்சு இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். பார்கின்சனோ ஆழத்தில் இருக்கிறது. ஆனால் மூளையின் மேற்பரப்பிலிருந்து ஆழத்துக்கு நரம்பு இழைகள் ஓடுகின்றன. 2001இல் மொன்றியலில் அந்தோனியோ ஸ்ட்ராஃபெல்லாவின் குழு, நலமானவர்களின் நெற்றிப்பகுதி மூளையைத் தூண்டிவிட்டுப் படமெடுத்துப் பார்த்தது. உள்ளே, சுருளின் புலம் எட்டாத இடத்தில், டோபமின் சுரந்திருந்தது. பார்கின்சனில் வற்றிப்போவது இதே டோபமின்தான். எனக்கு இந்தத் துறையிலேயே பிடித்த சோதனை இது.

இன்னொரு முறை இன்னும் மெல்லியது. உப்புநீரில் நனைத்த பஞ்சுத் தகடுகள் வழியே சுமார் 20 நிமிடம் 2 மில்லியாம்பியர் பாய்ச்சுவார்கள். சின்ன டோர்ச் பல்பு இழுப்பதில் நூறில் ஒரு பங்கு. அது நரம்பணுவைச் சமிக்ஞை அனுப்பவைக்காது, அனுப்பத் தயாராக மட்டும் ஆக்கும். 2006இல் ஜெர்மனியின் லூபெக்கில், உறங்கும் இளைஞர்களுக்கு நொடிக்கு முக்கால் அலை வீதம் இப்படி மின்னோட்டம் கொடுத்தபோது ஆழ்தூக்கத்தின் மெதுவான அலைகள் வலுத்தன. காலையில் நினைவாற்றலும் கூடியிருந்தது.

பார்கின்சன்காரர்களின் தூக்கத்துக்கு இந்த முறைகள் பலன் தருமா? இதுவரை நடந்தவை பெரும்பாலும் சிறு சோதனைகள். சிலவற்றில் தூக்கம் தேறியது. சிலவற்றில், சத்தம் மட்டும் போடும் போலிச் சுருளுக்கும் அதே பலன் கிடைத்தது. மனச்சோர்வு தணிந்ததால் தூக்கம் வந்ததா என்பதையும் பிரித்தறிய வேண்டும். ஆகவே இன்றைக்கு இவை மாத்திரைக்கு மாற்றாகா. பற்றரியை வைத்து வீட்டில் தானே முயல்வது ஆபத்து.

ஆனால் மலைநாட்டுக்கு ஒன்று முக்கியம். காந்தத் தூண்டலுக்கு வாரத்தில் ஐந்து நாளாகப் பல வாரம் போகவேண்டியிருக்கும். லுணுகலையிலிருந்து பஸ் ஏறும் ஒருவருக்கு, தோட்டத்தில் வேலைக்குப் பெயர் போடாத அத்தனை நாளும் சம்பள நட்டம். நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மெல்லிய மின்னோட்டக் கருவியைப் பார்கின்சன் நோயாளர்களின் வீட்டுக்கே கொடுத்து, வீடியோ அழைப்பில் கண்காணித்துப் பார்த்திருக்கிறார்கள். எங்கள் தோட்டங்களுக்கு ஏற்ற ஆராய்ச்சி அதுதான்.