பாண்டாவின் வரவும் செலவும்

உயிரோடிருத்தல் என்பதே ஒருவகைச் செலவு. அசையாது கிடக்கும் விலங்கும் இதயத்தை இயக்கவும், மூச்சு விடவும், உடற்சூட்டைக் காக்கவும், பழுதுற்ற கலங்களைப் புதுக்கவும் ஓயாது சத்தியைச் செலவிட்டுக்கொண்டே இருக்கின்றது. அச்செலவுக்கு வேண்டிய வரவு உணவினாலன்றி வேறு வழியால் வருவதில்லை. வீட்டில் வளரும் மாட்டுக்கு மேய்ச்சல் குறைந்தால் வைக்கோலும் பிண்ணாக்கும் இட ஒருவர் உளர். காட்டு விலங்குக்கு அங்ஙனம் எவரும் இலர். வரவு குறையுமிடத்து அது செலவைக் குறைத்தல் வேண்டும். அன்றேல் சேமித்த கொழுப்பைக் கரைத்தல் வேண்டும். இரண்டும் இயலாதெனின் மடிதல் வேண்டும். இக்கணக்கு எவ்வாறு ஒப்பேறுகின்றது என்பதும், அதில் எவ்வளவு பங்கு பரம்பரையலகுகளில் எழுதப்பட்டுள்ளது என்பதும் இக்கால விலங்கியலார் ஆராயும் பொருள்கள். அவற்றை விளக்குதற்குச் சீன நாட்டு மலைக்காடுகளில் வாழும் பாண்டாவினும் ஏற்ற விலங்கு கிடைப்பது அரிது.

பாண்டா கரடிக் குடும்பத்தைச் சேர்ந்தது. 1869 ஆம் ஆண்டிலே ஆர்மன்ட் தாவீது என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் சிச்சுவான் மாகாணத்தில் இதன் தோலைக் கண்டு மேனாட்டாருக்கு அறிவித்தபொழுது, கரடி என்றே குறித்தார். அடுத்த ஆண்டிலேயே பாரிசு நகரத்து அறிஞர் எலும்பையும் பல்லையும் ஆராய்ந்து, அது கரடியன்று என்றனர். அன்று தொடங்கிய வழக்கு 1985 இல் மூலக்கூற்று ஆராய்ச்சியால் பாதிரியாரின் பக்கமே தீர்ந்தது. ஏனைய கரடிகளினின்றும் இதன் கிளை பிரிந்து ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகள் ஆயின என்பர். ஈழத்து வன்னிக் காடுகளிற் கரையான் புற்றைக் கிண்டித் திரியும் கரடி இதற்குத் தூரத்து உறவு. ஆனால் அக்கரடி கரையான், தேன், பாலைப்பழம் என்று கிடைப்பவற்றையெல்லாம் உண்ணும். பாண்டாவோ தன் உணவில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கை மூங்கிலாகவே ஆக்கிக்கொண்டது.

இங்கேதான் சிக்கல் தொடங்குகின்றது. புல்லையும் இலையையும் உண்டு வாழும் விலங்குகளுக்கு அவற்றிற்கேற்ற குடல் உண்டு. மாட்டின் இரைப்பை நான்கு அறைகளையுடையது. முதலறையில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் செலுலோசைப் புளிக்கச் செய்து மாட்டுக்கு உணவாக்கித் தருகின்றன. செலுலோசை உடைக்கும் நொதியம் மாட்டுக்கும் சொந்தமாக இல்லை. அது கூலியாட்களை வைத்து நடத்தும் தொழில். பாண்டாவுக்கு அத்தகைய இரைப்பை இல்லை. நீண்ட குடலும் இல்லை. இறைச்சியுண்ணும் விலங்கினுடைய எளிய இரைப்பையும் குறுங்குடலுமே அதற்கு உள்ளன. அக்குடலில் வாழும் பற்றீரியாக்களின் கூட்டமும் ஊனுண்ணிகளின் கூட்டத்தையே பெரிதும் ஒத்திருக்கின்றது. ஆதலின் உண்ட மூங்கிலின் உலர்நிறையில் நூற்றுக்கு 17 பங்கு அளவே சமிபாடடைகின்றது. எஞ்சியது சில மணி நேரத்துள் ஏறக்குறைய உண்டபடியே வெளியேறிவிடும். நல்ல புல்லிற் பாதிக்கு மேற்பட்ட பங்கை மாடு பயன்படுத்திக்கொள்வதோடு இதனை ஒப்புநோக்குக.

இவ்வளவு குறைந்த வரவை ஈடுசெய்தற்குப் பாண்டா கைக்கொண்ட முதல் வழி, நிறைய உண்ணுதல். அமெரிக்க ஆராய்ச்சியாளரான ஜோர்ஜ் ஷாலரும் சீனப் பேராசிரியர் ஹூ ஜின்ச்சூவும் பிறரும் 1980 முதலாக வோலோங் காட்டில் நடாத்திய ஆராய்ச்சியின் பயனாக அதன் அன்றாட வாழ்க்கை தெளிவாயிற்று. நாளின் பாதிக்கு மேற்பட்ட நேரம் தீனிலேயே கழிகின்றது. இலையும் தண்டும் ஆயின் பத்துப் பதினைந்து கிலோகிராமும், நீர் மிகுந்த இளங்குருத்தாயின் முப்பது கிலோகிராமுக்கு மேலும் ஒரு நாளில் உண்ணும். மணிக்கட்டிலுள்ள சிற்றெலும்பொன்று நீண்டு ஆறாம் விரல்போல் அமைந்திருத்தலின், மூங்கிற் கழியைக் கையிற் பற்றிக் கரும்பு கடிப்பார்போல் அமர்ந்து உண்ண அதற்கு இயலுகின்றது.

இரண்டாவது வழி, தெரிந்து உண்ணுதல். மூங்கில் என்று ஒரே சொல்லாற் கூறினும் அதன் இலையும் தண்டும் குருத்தும் சத்தில் ஒன்றல்ல. ஷின்லிங் மலைத்தொடரிலுள்ள பூப்பிங் காட்டிலே பாண்டாக்கள் இரண்டு மூங்கில் இனங்களை நம்பி வாழ்கின்றன. ஒன்று தாழ்ந்த சரிவுகளிலும் மற்றது உயர்ந்த சரிவுகளிலும் வளர்வன. குளிர்காலம் முழுதும் தாழ்ந்த சரிவிலுள்ள இனத்தின் இலையை உண்ணும் பாண்டா, இளவேனிலில் அதே இனத்தின் குருத்து முளைத்ததும் இலையைக் கைவிட்டுக் குருத்துக்கு மாறுகின்றது. குருத்தில் நைதரசனும் பொசுபரசும் மிகுதி, கல்சியம் குறைவு. குருத்து முற்றத் தொடங்கியதும் மலைமேல் ஏறி, அங்கே அப்பொழுதுதான் முளைக்கும் மற்றையினத்தின் குருத்தை உண்ணும். பின்னர் அவ்வினத்தின் கல்சியம் மிகுந்த இளந்தளிருக்கு மாறும். கருவுற்ற தாய்க்கு எலும்பு வளர்க்கும் சத்து வேண்டப்படும் காலமும் அதுவே. இங்ஙனம் தெரிந்துண்ணுவதன் பயன் 2019 இல் வெளியான ஆராய்ச்சியொன்றினால் புலனாயிற்று. பாண்டா உண்டு சமிபாடடையச் செய்யும் உணவிலிருந்து கிடைக்கும் சத்தியில் ஏறக்குறையப் பாதி புரதத்திலிருந்தே கிடைக்கின்றது. ஓநாயும் பூனையும் பெறும் விகிதமும் இதனோடு ஒத்ததே. வாயால் தாவரவுண்ணியான விலங்கு, குடலளவில் இன்னும் ஊனுண்ணியாகவே இருக்கின்றது எனலாம்.

வரவு இவ்வாறாயின் செலவு எவ்வளவு? இதனை அறிதல் எளிதன்று. காட்டு விலங்கை ஆய்வுக்கூடத்துப் பெட்டியில் அடைத்து மூச்சை அளந்தால், அது பெட்டிக்குள் செலவிடுவதையே அறியலாம். காட்டிற் செலவிடுவதை அறியவியலாது. அமெரிக்க உடற்றொழிலியலாளரான நேதன் லிப்சனும் துணைவரும் 1950 ஆம் ஆண்டுகளில் வகுத்த முறை இத்தடையை நீக்கிற்று. பாரமான ஐதரசனும் பாரமான ஒட்சிசனும் கொண்ட நீரை விலங்கினுடலிற் செலுத்தி, அதனை விட்டுவிடுவர். ஐதரசன் சிறுநீர், வியர்வை முதலிய நீர் வடிவிலேயே உடலை விட்டு நீங்கும். ஒட்சிசனோ நீராகவும் நீங்கும். மூச்சிற் காபனீரொட்சைட்டாகவும் நீங்கும். ஆகவே சில நாட் கழித்து இரத்தத்தைச் சோதித்து, இரண்டு சமதானிகளும் குறைந்த வேகங்களின் வேற்றுமையைக் கண்டால், வெளிவிட்ட காபனீரொட்சைட்டின் அளவு தெரியும். அதிலிருந்து எரிந்த உணவையும் செலவான சத்தியையும் கணித்துவிடலாம். விலங்கு காட்டில் தன் போக்கில் திரிந்துகொண்டிருக்கும். கணக்கோ அதன் குருதியிலேயே எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்.

அளந்த தொகை மிகுதியோ குறைவோ என்று கூற ஓர் அளவுகோலும் வேண்டும். 1932 இல் மக்ஸ் கிளைபர் காட்டிய விதி அதற்கு உதவுகின்றது. விலங்கின் நிறை பதினாறு மடங்காகுங்கால் அதன் சத்திச் செலவு பதினாறு மடங்காவதில்லை. ஏறக்குறைய எட்டு மடங்கே ஆகும். இவ்விதியினின்றும் குறித்த நிறையுடைய பாலூட்டி இவ்வளவு செலவிடும் என்று எதிர்பார்த்தல் இயலும்.

சீன விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த வெய் பூவென், ஜோன் ஸ்பீக்மன் முதலியோர் 2015 இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், காப்பிடத்தில் வளர்ந்த 5 பாண்டாக்களும் காட்டில் வாழ்ந்த 3 பாண்டாக்களும் இம்முறையால் அளக்கப்பட்டன. காப்பிடத்தவை நாளொன்றுக்கு 5.2 மெகாயூலும், காட்டிலுள்ளவை 6.2 மெகாயூலும் செலவிட்டன. முன்னது ஏறக்குறைய 1,240 கிலோகலோரி. பின்னது ஏறக்குறைய 1,480 கிலோகலோரி. அவ்வளவு நிறையுடைய ஏனைய பாலூட்டிகளிடம் எதிர்பார்க்கப்படுவதில் இவை முறையே நூற்றுக்கு 38, 45 பங்குகளே. பாண்டாவிலும் எத்துணையோ சிறியவனான வளர்ந்த மனிதன் சும்மா இருந்தாலும் இதனிலும் மிகுதியாகச் செலவிடுகின்றான்.

சிக்கனம் பல இடங்களில் ஒளிந்திருந்தது. மூளை, ஈரல், சிறுநீரகம் ஆகியவை உடலிற் பெருஞ்செலவு செய்யும் உறுப்புகள். பாண்டாவில் இவை மூன்றும் உடல் நிறைக்கு எதிர்பார்க்கப்படும் அளவிலும் சிறியன. நடையும் மெதுவானது. காட்டுப் பாண்டாக்கள் நாளில் ஏறக்குறையப் பாதியையே அசைவிற் கழித்தன. அவ்வசைவும் சராசரி மணிக்கு முப்பது மீற்றருக்குக் குறைவான நகர்வே. அடர்ந்த உரோமம் உட்சூட்டை வெளியே விடாது காக்கின்றது. இவற்றினும் வியப்புக்குரியது தைரொயிட்டுச் சுரப்பியின் நிலை. உடல் எவ்வளவு விரைவாக எரிய வேண்டும் என்பதனை அளவிடும் இச்சுரப்பியின் ஓமோனான தைரொட்சின், பாண்டாவின் இரத்தத்தில் எதிர்பார்க்கப்பட்டதிற் பாதியளவும் இல்லை. குளிர்காலத்தில் உறங்கும் கருங்கரடியின் இரத்தத்தில் உள்ள அளவே இருந்தது.

காரணத்தைத் தேடியவர்கள் பரம்பரையலகுகளிடம் சென்றனர். பாண்டாவின் பரம்பரைத் தொகுதி 2010 ஆம் ஆண்டிலேயே முழுமையாக வாசிக்கப்பட்டு வெளியாகியிருந்தது. அதில் டூஒக்ஸ்-2 என்னும் அலகு, தைரொயிட்டு ஓமோனை ஆக்குதற்கு வேண்டிய ஐதரசன் பேரொட்சைட்டைத் தருகின்ற நொதியத்துக்குரியது. பாண்டாவில் அவ்வலகின் ஓரெழுத்து மாறியுள்ளது. அம்மாற்றத்தால் வாக்கியத்தின் நடுவே முற்றுப்புள்ளி விழுந்தாற்போல, புரதம் முடிவுறுமுன்னரே அதன் ஆக்கம் நின்றுவிடுகின்றது. ஒப்பிட்டுப் பார்க்கப்பட்ட பிற பாலூட்டிகளில் இவ்விகாரம் இல்லை. மனிதரில் இவ்வலகு பழுதுபட்டாற் பிறவியிலேயே தைரொயிட்டுக் குறைபாடு தோன்றலாம். மருந்தின்றி விட்டால் குழந்தையின் உடல் வளர்ச்சியும் உள வளர்ச்சியும் கெடும். ஓரினத்தில் நோயாகத் தோன்றுவது வேறோரினத்திற் பிழைக்கும் வழியாக நிற்றல் சிந்திக்கத்தக்கது.

ஆயினும் இம்முடிவு மறுப்பின்றி ஏற்கப்பட்டதன்று. 2016 இல் வேறோர் ஆராய்ச்சிக் குழுவினர் பாண்டாக்கள் ஓய்விலும் நடையிலும் செலவிடுவதை நேரே அளந்து, ஓய்வுநிலைச் செலவு சராசரியிலும் சற்றே குறைவு என்றும், நடக்கும்போது அது வழக்கமான அளவினதே என்றும், இதனை வியத்தகு குறைவு எனல் பொருந்தாது என்றும் எழுதினர். இரு குழுவினரும் அளந்த பொருள் ஒன்றன்று என்பதைக் கவனித்தல் வேண்டும். முன்னவர் பல நாட்களின் மொத்தச் செலவை அளந்தனர். பின்னவர் சிறிது நேர ஓய்வையும் நடையையும் அளந்தனர். அளக்கப்பட்ட பாண்டாக்களும் சிலவே. சிக்கனத்தில் ஓமோனின் பங்கு எவ்வளவு, வெறுமனே உட்கார்ந்திருத்தலின் பங்கு எவ்வளவு என்பதே உண்மையான வினா. விகாரமொன்றைக் கண்ட மகிழ்ச்சியில் சோம்பலின் பங்கை மறந்துவிடுதல் தகாது.

காரணத்தையும் விளைவையும் பிரித்தறிதலின் அருமை சுவைபற்றிய மற்றோர் அலகிலும் காணப்படுகின்றது. இறைச்சியிலும் குழம்பிலும் தோன்றும், குளுட்டாமேற்றினால் உண்டாகும் சுவையை 1908 இல் யப்பானிய அறிஞர் இக்கெடா தனிச்சுவையென வகுத்து உமாமி எனப் பெயரிட்டார். அச்சுவையை உணரும் அலகு பாண்டாவிற் பழுதுற்றுப் பயனற்றுக் கிடக்கின்றது. அது ஏறக்குறைய 42 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் பழுதுற்றது என்று கணித்துள்ளனர். இறைச்சியின் சுவை தெரியாமற் போனதால் மூங்கிலுக்கு மாறிற்று என்று சொல்லிவிடுதல் எளிது. ஆனால் மூங்கிலுக்கு மாறியபின் பயன்படாத அலகு தானே தேய்ந்தது எனலும் அவ்வளவு எளிதே. மாடும் குதிரையும் புல்லையே உண்பனவாயினும் அவற்றில் அவ்வலகு பழுதின்றி இருக்கின்றது என்பது இரண்டு விளக்கங்களையும் இடறச் செய்கின்றது. அலகொன்று இழக்கப்பட்டது என்பதைச் சான்றோடு கூறலாம். அவ்விழப்பு ஏன் நிகழ்ந்தது என்பதை அதே உறுதியோடு கூறவியலாது.

இச்சிக்கன வாழ்வில் ஒரு குறை உண்டு, சேமிப்பு இல்லை. குளிர்நாட்டுக் கரடிகள் இலையுதிர்காலத்திற் கொழுத்து, குளிர்காலத்தை உறங்கிக் கழிக்கும். மூங்கிலைத் தின்று அவ்வளவு கொழுப்பைச் சேர்த்தல் இயலாதாகையாற் பாண்டா உறங்குவதில்லை. பனியிலும் நாள்தோறும் உண்டாக வேண்டும். பிறக்கும் குட்டியும் நூறு கிராம் அளவினதே. தாயின் நிறையில் ஏறக்குறையத் தொள்ளாயிரத்தில் ஒரு பங்கு. இரட்டைக் குட்டிகள் பிறப்பின் காட்டில் தாய் பெரும்பாலும் ஒன்றையே வளர்க்கின்றது.

மூங்கில் பூத்தாற் பஞ்சம் வரும் என்பது தமிழ் மக்களிடையும் வழங்கும் நம்பிக்கை. பாண்டாவைப் பொறுத்தவரை அது வெறும் நம்பிக்கையன்று. பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை ஓரிடத்து மூங்கில் இனம் முழுதும் ஒருங்கே பூத்து, விதைத்து, மடிந்துவிடும்; விதை முளைத்து உண்ணத்தக்க நிலையை அடையப் பல ஆண்டுகள் செல்லும். 1970 ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் மின் மலைத்தொடரில் இங்ஙனம் நிகழ்ந்தபொழுது நூற்றுக்கு மேற்பட்ட பாண்டாக்கள் இறந்து கிடக்கக் காணப்பட்டன. 1983 இல் வோலோங் காட்டிலும் மூங்கில் பூத்தது. முற்காலத்தில் ஓரினம் மடிந்தால் விலங்குகள் பள்ளத்தாக்கைக் கடந்து வேறினம் வளரும் சரிவுக்குச் சென்றன. அப்பள்ளத்தாக்குகளிற் பின்னர் வயல்களும் ஊர்களும் நெடுஞ்சாலைகளும் அமைந்தன.

2011 முதல் 2014 வரை நடைபெற்ற கணக்கெடுப்பிற் காட்டுப் பாண்டாக்கள் 1,864 என மதிப்பிடப்பட்டன. முந்திய கணக்கெடுப்பினும் தொகை கூடியிருந்தது; 2016 இல் உலகப் பாதுகாப்புச் சங்கம் இதனை ‘அருகிய இனம்’ என்ற நிலையிலிருந்து ‘பாதிப்புக்குள்ளாகத்தக்க இனம்’ என்ற நிலைக்கு மாற்றிற்று. ஆயினும் அத்தொகை முப்பதுக்கு மேற்பட்ட தனித்தனிக் கூட்டங்களாகச் சிதறியுள்ளது. சிறு கூட்டத்துள் உறவினுள் உறவு கலந்து பரம்பரை வேறுபாடு குன்றுகின்றது. 2016 ஆம் ஆண்டு ஆராய்ச்சியாளர் காட்டியபடி, காப்புக்காடுகளில் மூங்கிலின் மொத்த அளவு குறைவன்று. ஆனால் மூங்கில் எத்துணை இருப்பினும், மணிக்குச் சில மீற்றர் நகரும் விலங்குக்கு அதனிடம் செல்ல வழி வேண்டும்.

அவ்வழியை ஆக்கும் முயற்சி ஷின்லிங் மலையிற் பயன் தந்துள்ளது. அங்கே மலையைக் கடந்துசென்ற நெடுஞ்சாலை, சுரங்கப்பாதை அமைந்தபின் நிலத்தின் கீழாயிற்று. மேலே கைவிடப்பட்ட பழைய சாலையின் இருமருங்கிலும் மூங்கில் நட்டனர். சில ஆண்டுகளின் பின்னர் அவ்விடத்திற் பாண்டாக்களின் தடயங்கள் மீண்டும் காணப்பட்டன.