எழுதுபவருக்காக வந்த அப்டேட்

வேர்டில் தட்டச்சு செய்த கட்டுரையை அப்படியே காப்பி செய்து இணையதளத்தில் ஒட்டியவர்களுக்கு அந்தத் தொல்லை தெரியும். வெளியிட்ட பிறகு பார்த்தால் ஒரு பத்தி பெரிய எழுத்தில் இருக்கும், அடுத்தது சிறியதாக இருக்கும். தளம் முழுக்க ஒரு எழுத்துரு இருக்க, நடுவில் நாலு வரி மட்டும் விண்டோஸின் ‘லதா’ எழுத்துருவில் வந்து நிற்கும். காரணம் எளிது. வேர்ட் வெறும் எழுத்தை மட்டும் தருவதில்லை. எழுத்துருவின் பெயர், அளவு, நிறம், வரி இடைவெளி எல்லாவற்றையும் கூடவே அனுப்பிவிடுகிறது. அப்படி ஒட்டிய கட்டுரையின் எச்.டி.எம்.எல்.லைத் திறந்தால், குறியீடுகளுக்கு இடையே தமிழைத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

இணையதளங்களை நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் 3.9 பதிப்பு, 2014 ஏப்ரல் 16 அன்று வெளிவந்து இந்தத் தொல்லையைக் கையில் எடுத்தது. அதற்கு முன்பும் வேர்டிலிருந்து ஒட்டுவதற்கென்று ஒரு பட்டன் இருந்தது. ஆனால் அது டூல்பாரின் இரண்டாவது வரிசையில், யாராவது திறந்து காட்டினால் மட்டும் தெரியும் இடத்தில் கிடந்தது. அதை அழுத்தினால் தனியாக ஒரு சின்ன ஜன்னல் திறக்கும், அதில் ஒட்ட வேண்டும். 3.9 அந்தப் பட்டனையே எடுத்துவிட்டது. எப்படி ஒட்டினாலும், வந்தது வேர்டிலிருந்துதான் என்பதை எடிட்டரே கண்டுகொண்டு வேண்டாததை உதறிவிடும். தலைப்பு, தடித்த எழுத்து, இணைப்பு போன்றவை மட்டும் தங்கும். எழுதுபவர் புதிதாக எதையும் கற்க வேண்டியிருக்கவில்லை.

அதே அப்டேட்டில் படங்களுக்கும் விடிவு வந்தது. அதுவரை ஒரு கேலரியைச் சேர்த்தால், எழுதும் பக்கத்தில் ஓர் ஐகான் போட்ட வெற்றுப் பெட்டிதான் தெரியும். உள்ளே எந்தப் படங்கள், எந்த வரிசையில் என்று பார்க்க முன்னோட்டத்தைத் திறக்க வேண்டும். 3.9இல் படங்களே அந்த இடத்தில் தெரிந்தன. கணினியின் ஃபோல்டரிலிருந்து ஒரு படத்தை மவுஸால் இழுத்து நேராக எடிட்டரின் மேல் போடலாம். மூலையைப் பிடித்து இழுத்தால் படம் சிறுக்கும், பெருக்கும். வாசகர் பார்க்கப்போவதை எழுதுபவர் எழுதும்போதே பார்க்க வேண்டும் என்ற எண்ணம் இந்த மாற்றங்கள் எல்லாவற்றிலும் ஓடியது.

இன்று உலகின் இணையதளங்களில் பத்தில் நான்குக்கும் மேல் வேர்ட்பிரஸில் இயங்குகின்றன. 2003 மே 27 அன்று மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்ற இருவர், கைவிடப்பட்டிருந்த பி2 என்ற மென்பொருளிலிருந்து கிளை பிரித்து இதை வெளியிட்டார்கள். அப்போது எடிட்டர் என்பது ஒரு வெற்றுப் பெட்டி. தடித்த எழுத்து வேண்டுமென்றால் அதற்கான குறியை முன்னும் பின்னும் போட வேண்டும். 2005 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பில்தான், தட்டும்போதே தடிமனாகத் தெரியும் எடிட்டர் வந்தது.

3.9க்கு எட்டு மாதம் முன்பு, 2013 ஆகஸ்ட் 1 அன்று வந்த 3.6ஐயும் இங்கே சொல்லாமல் விட முடியாது. ஒரு மணி நேரம் எழுதிக்கொண்டிருக்கிறார் ஒருவர். மின்சாரம் போகிறது, கணினி அணைகிறது. பழைய பதிப்புகளில் கடைசியாக சர்வருக்குப் போன நகல்தான் மிஞ்சும். இணைப்பு முன்பே அறுந்திருந்தால் அதுவும் பழையதாகத்தான் இருக்கும். 3.6இலிருந்து, எழுதுவதை பிரவுசரே 15 வினாடிக்கு ஒருமுறை அந்தக் கணினியிலேயே எடுத்து வைக்கத் தொடங்கியது. மீண்டும் பக்கத்தைத் திறந்தால், பிரவுசரில் இருக்கும் நகல் கீழே உள்ளதிலிருந்து மாறுபடுகிறது, அதை மீட்கலாம் என்று மேலே ஓர் அறிவிப்பு வரும். ஒரு சொடுக்கில் எல்லாம் திரும்பிவிடும். மின்வெட்டும் விட்டுவிட்டு வரும் இணையமும் பழகிப்போன ஊர்களில் இருந்து எழுதுபவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி அந்த ஆண்டுகளில் வரவில்லை.

செய்தித் தளங்களுக்கு அதே பதிப்பில் இன்னொரு பாதுகாப்பும் கிடைத்தது. நிருபர் ஒரு செய்தியைத் திருத்திக்கொண்டிருக்கும்போதே துணையாசிரியரும் அதைத் திறந்தால், முன்பு யார் கடைசியில் சேமித்தாரோ அவருடையது நிற்கும், மற்றவர் உழைப்பு மேலெழுதப்படும். 3.6 வந்தபின், இரண்டாவதாகத் திறப்பவரைத் திரை தடுத்து நிறுத்தி, உள்ளே யார் இருக்கிறார் என்று பெயரைக் காட்டும். அவசரமென்றால் பொறுப்பை எடுத்துக்கொள்ளலாம். முதலாமவருக்கு உடனே தகவல் போகும். அவர் அதுவரை செய்த திருத்தம் ஒரு நகலாகப் பத்திரமாக இருக்கும்.

2014 செப்டம்பரில் 4.0 வந்தது. நீளமான கட்டுரைகளை ஒரு குட்டிப் பெட்டிக்குள் மேலும் கீழும் உருட்டி எழுதிய காலம் அதோடு போனது. எழுத எழுதப் பெட்டி நீண்டது, டூல்பார் கண்ணைவிட்டு மறையாமல் மேலேயே நின்றது. யூடியூப் முகவரியைத் தனி வரியில் ஒட்டினால் வீடியோவே அங்கே தெரிந்தது.

இந்த அப்டேட்கள் யாரையும் பெரிதாகக் கோபப்படுத்தவில்லை. கை பழகிய இடத்தில் எதையும் புரட்டிப் போடாமல், வலித்த இடத்தை மட்டும் சரிசெய்தன. நான்காண்டு கழித்து வந்தது வேறு வகை.

2018 டிசம்பர் 6 அன்று வெளியான 5.0, எடிட்டரையே மாற்றியது. அச்சுக்கலையின் முன்னோடி கூட்டன்பர்க்கின் பெயரில் தயாரான புதிய எடிட்டரில் ஒவ்வொரு பத்தியும், ஒவ்வொரு படமும், ஒவ்வொரு தலைப்பும் தனித்தனி பிளாக். சாய்கோட்டைத் தட்டிப் பெயரை அடித்தால் வேண்டிய பிளாக் வரும். மேலே கீழே நகர்த்தலாம். அட்டவணை, இரண்டு நெடுவரிசை அமைப்பு, பட்டன் என்று முன்பு குறியீடு தெரிந்தவர் மட்டும் செய்த வேலைகளை யாரும் செய்யலாம். கட்டமைப்பிலும் ஒரு நல்ல முடிவு எடுத்திருந்தார்கள். எந்த இடத்தில் எந்த பிளாக் என்ற விவரம், வாசகர் கண்ணுக்குத் தெரியாத குறிப்புகளாக அந்தக் கட்டுரையின் உள்ளேயே பதிவாகிறது. நாளை வேறு மென்பொருளுக்கு மாறினாலும் எழுத்து அப்படியே படிக்கக் கிடைக்கும்.

ஆனால் கொண்டுவந்த விதம் பலரை நோகடித்தது. நவம்பர் 19 என்று சொன்ன தேதி 27க்குத் தள்ளி, பிறகு டிசம்பர் 6 ஆனது. மறுநாள் நாஷ்வில்லில் தொடங்கவிருந்த ஆண்டு மாநாட்டுக்காகத்தான் இந்த அவசரம் என்று பலர் குறைப்பட்டார்கள். அதைவிட வேதனையானது, பார்வையற்றவர்களும் மவுஸ் பிடிக்க முடியாதவர்களும் பட்ட பாடு. ஸ்கிரீன் ரீடர் கொண்டு எழுதுபவருக்குப் பழைய எடிட்டர் ஒரே பெட்டி; தட்டிக்கொண்டே போகலாம். புதியதில் ஒரு பத்தியிலிருந்து அடுத்ததற்குப் போகும் வழியில் பட்டன்களும் மெனுக்களும் குறுக்கிட்டன. வேர்ட்பிரஸின் அணுகல்தன்மைக் குழுவை வழிநடத்திய ரியான் ரீட்வெல்ட் 2018 அக்டோபரில் பொறுப்பிலிருந்து விலகினார். உயர்கல்வி நிறுவனங்களில் வேர்ட்பிரஸ் பயன்படுத்துவோரின் அமைப்பான டபிள்யூ.பி.கேம்பஸ் தானே பணம் திரட்டி ஒரு தணிக்கை நடத்தி, 2019 மே மாதம் குறைகளை வெளியிட்டது. அதன்பின் பல குறைகள் நீங்கின. வெளியிடும் முன்பே செய்திருக்க வேண்டிய வேலை அது.

பழைய எடிட்டரை விரும்பியவர்களுக்காக ‘கிளாசிக் எடிட்டர்’ என்ற பிளக்இன் தரப்பட்டது. 2021 முடிவோடு அதற்கான ஆதரவு நிற்கும் என்று முதலில் அறிவித்தார்கள். 50 லட்சத்துக்கும் அதிகமான தளங்கள் அதை நிறுவியிருந்த நிலையில், அந்தக் கெடு நீட்டிக்கப்பட்டது. பழக்கத்தைத் தேதி குறித்து மாற்றிவிட முடியாது என்பதை வேர்ட்பிரஸ் குழு இதில் ஏற்றுக்கொண்டது பாராட்டத்தக்கது.

பிளாக் எடிட்டரின் பயணத்தை நான்கு கட்டங்களாகத் திட்டமிட்டிருக்கிறார்கள். எழுதுவது முதலாவது. தளத்தின் தலைப்பகுதி, அடிப்பகுதி வரை பிளாக்குகளால் அமைப்பது இரண்டாவது. அது 2022 ஜனவரியில் 5.9 பதிப்போடு வந்தது. மூன்றாவது கூட்டாக எழுதுவது. 2025 டிசம்பரில் வந்த 6.9இல், ஒரு பிளாக்கின் மேலேயே குறிப்பு எழுதி வைக்கவும் சக ஆசிரியர் அதற்குப் பதில் சொல்லவும் வசதி வந்திருக்கிறது. ‘இந்த எண்ணைச் சரிபார்க்கவும்’ என்று வாட்ஸ்அப்பில் தனியாக அனுப்ப வேண்டியதில்லை.

நான்காவது கட்டம் பன்மொழி. ஒரே தளத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் நடத்துபவர்கள் இன்று பாலிலாங் போன்ற தனிப் பிளக்இன்களை நம்பியிருக்கிறார்கள். ஒரே கட்டுரையின் இரண்டு வடிவங்களையும் தனித்தனிப் பக்கங்களாக வைத்துக் கோத்துக்கொள்கிறார்கள். அந்த வசதி எடிட்டருக்குள்ளேயே வரும்போது, தமிழில் எழுதுபவர்களும் அதைச் சோதித்துப் பார்த்துக் குறைகளை முன்கூட்டியே எழுதி அனுப்ப வேண்டும். வேர்ட்பிரஸின் தமிழாக்கமே தன்னார்வலர்கள் செய்வதுதான். சோதனைப் பதிப்புகளும் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளத் திறந்தே இருக்கின்றன.