ஏரிக்கரையில் ஃப்ளட் லைட்: மனுவை யாரிடம் கொடுப்பது?

ஒரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் சிப்காட் தொழிற்பேட்டைகள் பக்கம் கம்பெனி மதில் விளக்கு ஏரியில் அடிக்கிறது என்றால் மக்கள் நேராக மின்வாரிய அலுவலகத்துக்குப் போகிறார்கள். அது மின்வாரியத்தின் வேலையல்ல. வாட்ஸ்ஆப்பில் போட்டோ அனுப்பிவிட்டுக் காத்திருப்பதும் வீண். மனு கொடுத்து ரசீது வாங்கினால்தான் அது புகார்.

பூச்சியைப் பிடிக்க வயலில் விளக்குப்பொறி வைப்போம். ஃப்ளட் லைட் அதையே விடிய விடியச் செய்கிறது, நன்மை செய்யும் பூச்சியையும் சேர்த்து. வெளிச்சம் விழும் யார்டில் பளபளக்கும் கார்க் கூரையைத் தண்ணீரென்று நம்பி நீர்ப்பூச்சிகள் முட்டையிடும், ஒன்றும் பிழைக்காது. பகல் குறையும்போது பூக்கும் சம்பா ரகங்கள், இரவு வெளிச்சம் பட்டால் கதிர்விடத் தாமதிக்கும்.

ஒளி மாசுக்கு இந்தியாவில் தனிச்சட்டம் இல்லை. 1986ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் சட்டம் மாசுப்பொருள் என்று சொல்வது திட, திரவ, வாயுப் பொருட்களைத்தான். இதைக் காட்டி அதிகாரிகள் கைகழுவுவதை ஏற்க முடியாது. ஆமைகள் முட்டையிடும் மாதங்களில் சென்னைக் கடற்கரை விளக்குகளை அணைக்க முடிகிறதே!

ஆகவே வெறும் 'ஒளி மாசு' என்று எழுதாதீர்கள். எந்தக் கம்பம், எந்தத் திசை, எத்தனை மணிவரை, பயிரிலும் பறவைகளிலும் கண்ட மாற்றம் என்ன என்று எழுதி, தேதியோடு படம் இணையுங்கள். அணைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். 'பாதுகாப்புக்குத் தேவை' என்று கோப்பை மூடிவிடுவார்கள். விளக்கைத் தரைநோக்கித் திருப்பவும், பக்கவாட்டு மறைப்பு போடவும், நீலவெள்ளை எல்இடிக்குப் பதில் 3000 கெல்வினுக்கு மேற்படாத மஞ்சள் விளக்கு மாட்டவும் கேளுங்கள்.

இனி, யாரிடம் கொடுப்பது? சிப்காட் சாலை விளக்குக்குச் சிப்காட் திட்ட அலுவலர். ஊர்த்தெரு விளக்குக்கு ஊராட்சியும் வட்டார வளர்ச்சி அலுவலரும். கம்பெனி வளாகம் என்றால் நிர்வாகத்துக்கு எழுதி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஸ்ரீபெரும்புதூர் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு நகல். அசையவில்லையா? திங்கட்கிழமை காஞ்சிபுரம் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். ரசீது, ரசீது! பிறகு 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. 30 நாளில் பதில் தரவேண்டும்.

ஊரார் தூக்கமும் கெடுகிறதென்றால், பலர் கையெழுத்திட்டு ஸ்ரீபெரும்புதூர் வருவாய்க் கோட்டாட்சியரிடம் பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 152ஆம் பிரிவின்கீழ் பொதுத்தொல்லை நீக்க மனு கொடுக்கலாம்.

ஏரியின் சூழலே கெடுகிறதென்றால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வை அணுகலாம். வழக்குக்குக் கெடு ஆறு மாதம். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். ரசீது தேதியிலிருந்து எண்ணாதீர்கள்: பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்தே கெடு ஓடத் தொடங்கிவிடுகிறது.