சிலிக்கான் பாத்தியில் கரிப் பயிர்!

ஓசூர்ப் பக்கம் ரோஜாவுக்குப் பாத்தி கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். பாத்தியில்தான் செடி, வரப்பு மொட்டை. இதே விவசாயத்தைச் சிலிக்கான் வில்லையிலும் செய்கிறார்கள். பயிர், கார்பன் நானோகுழாய். உங்கள் தலைமுடி (இருந்தால்!) ஒன்றின் அகலத்துக்குள் சுமார் 2000 குழாய்களைத் தோளோடு தோள் நிறுத்தலாம்.

வில்லை மேல் மெல்லிசாக ஆக்ஸைடு படலம். மணல் எந்தச் சரக்கோ அதே சிலிக்காதான். வேண்டிய இடத்தில் விட்டுவைத்து, மிச்சத்தை அரித்து எடுத்துவிடுகிறார்கள். அப்புறம் 800 டிகிரி உலை. உள்ளே சைலீன் ஆவி. அதாங்க, தின்னர் டப்பா வாசனை. கூடவே ஃபெர்ரோசீன். இதன் மூலக்கூறு நடுவில் ஓர் இரும்பு அணு. சூட்டில் மூலக்கூறு உடைய, இரும்பு பொடித் துகள்களாக உட்காரும். துகள்தான் விதை. கார்பனைத் தின்றுவிட்டுக் குழாயாக வளர்த்துவிடும்.

கூத்தே இங்குதான். ஆக்ஸைடு மேல் உட்கார்ந்த இரும்பு ஒழுங்காக உழைக்கிறது. வெறும் சிலிக்கானில் உட்கார்ந்தது, மாமனார் வீட்டுக்குப் போன மாப்பிள்ளை மாதிரி அதோடே கலந்து, வேலைக்கு ஆகாமல் போகிறது. அதனால் பாத்தி தப்பாமல் பயிர்! நியூயார்க் மாநில ரென்சிலேர் பாலிடெக்னிக்கில் வெய், ராமநாத், கேரளத்துக்காரர் அஜயன் முதலானோர் 2002-ல் 'நேச்சர்' இதழில் இதைக் காட்டினார்கள்.

ஃபெர்ரோசீனைச் சுட்டுக் குழாய் எடுக்கிற வித்தையோ நமக்குப் பக்கத்து ஊர்ச் சரக்கு. பெங்களூருவில் சி.என்.ஆர். ராவ், சென், கோவிந்தராஜ் 1997-லேயே எழுதிவிட்டார்கள். (ஓசூரிலிருந்து கிளம்பினால் சில்க் போர்டு சிக்னலிலேயே பாதி ஆயுள் போய்விடும், அது வேறு கதை.)

"அப்போ கம்ப்யூட்டர் சிப்?" 2019-ல் எம்.ஐ.டி.யில் 14,000-க்கு மேல் குழாய் டிரான்சிஸ்டர்களோடு ஒன்று செய்தார்கள். உங்கள் செல்போனில் இருப்பது கோடிக்கணக்கில். தவிர, கலந்து விளைகிற ஒற்றைச்சுவர்க் குழாய்களில் மூன்றில் ஒன்று உலோகக் குணம். ஸ்விட்ச் அணையவே அணையாது.

நம்ம பையன்களுக்கு முதலில் வரப்போவது பேட்டரிதான் என்பது என் கட்சி. மின்சார ஸ்கூட்டர் தயாராகிற மாவட்டமாச்சே! லித்தியம் பேட்டரி மின்முனைக் கலவையில் கரண்ட் சுலபமாக ஓட இந்தக் குழாய்களைச் சேர்க்கிறார்கள். பாத்தியெல்லாம் கிடையாது, மாவு கரைக்கிற கதைதான். சரியாகக் கரைக்காவிட்டால் ரவை உப்புமாபோலக் கட்டி தட்டும்.

ஆனால் பொடியாக மூக்கில் ஏறினால் விளையாட்டில்லை. ஒரு ரகத்தை, 'மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும்' என்ற பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2014-ல் சேர்த்துவிட்டது. காற்றில் ஒரு கனமீட்டருக்கு 1 மைக்ரோகிராம் தாண்டக் கூடாது என்பது அமெரிக்கத் தொழிலாளர் நல ஆய்வு நிறுவனம் 2013-ல் சொன்ன யோசனை. இன்டர்வியூவில் சம்பளம், கேன்டீன் எல்லாம் விசாரித்த கையோடு, "மாஸ்க் என்ன ரகம் சார்?" என்றும் கேட்டுவையுங்கள்.