கப்பல் விருந்தில் சீஸ் கேக்: தரம் எங்கே குறைகிறது?



மளிகை மொத்த வியாபாரிக்கும் கப்பலில் பரிமாறும் கேக்குக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2023 டிசம்பரில் என் மூத்த மகன் என்னையும் என் வீட்டாரையும் அமெரிக்காவுக்கு அழைத்திருந்தான். அங்கே மியாமி துறைமுகத்தில் புறப்பட்டு, கரீபியன் கடலில் ஏழு இரவு சுற்றிவிட்டு அதே துறைமுகத்துக்குத் திரும்பும் சொகுசுக் கப்பல் ஒன்றில் குடும்பத்தோடு போய் வந்தோம். அந்த ஏழு நாளில் நான் கடலைப் பார்த்ததைவிடச் சாப்பாட்டு மேஜையைப் பார்த்ததுதான் அதிகம். நாற்பது வருடமாகச் சீனியும் மைதாவும் முந்திரியும் விற்ற கண் வேறு எங்கே போகும்?

இரண்டாம் நாள் மதியம் மேல்தளத்தில் பஃபே சாப்பாடு. அவரவர் தட்டை எடுத்துக்கொண்டு வேண்டியதை வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்ளலாம். இனிப்பு வரிசை மட்டும் பத்தடி நீளம். சீஸ் கேக் துண்டு ஒன்றை எடுத்தேன். மேலே தோல் போலக் காய்ந்திருந்தது. அடியில் இருந்த பிஸ்கட் நமுத்துப் போயிருந்தது. பாதியிலேயே வைத்துவிட்டேன். அன்று இரவு கீழ்த்தளத்து உணவுக்கூடத்தில் மேஜைக்குக் கொண்டுவந்து பரிமாறினார்கள். மறுபடியும் சீஸ் கேக். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். மகன் வற்புறுத்தியதால் வாயில் வைத்தேன். வெண்ணெய் போலக் கரைந்தது.

அந்தக் கப்பலின் இனிப்புப் பிரிவில் தூத்துக்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவர் வேலை பார்த்தார். தமிழ்க் குரல் கேட்டதும் எங்கள் மேஜைக்கு வந்து நலம் விசாரித்தார். மதியம் வைத்தது மட்டமான சரக்கா என்று அவரிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "இல்ல அண்ணாச்சி, ரெண்டும் ஒரே அடுப்புல வெந்த கேக்குதான். மேல இருந்தது வெட்டி வச்சு ரொம்ப நேரம் நின்னது. இது குளிர் அறையில இருந்து இப்பத்தான் வருது" என்றார்.

அந்த ஒரு பதில்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

சீஸ் கேக் என்பது என்ன?

பெயரில் கேக் இருந்தாலும் இது மைதாவில் பொங்கி வரும் கேக் அல்ல. கிரீம் சீஸ், சீனி, முட்டை, கொஞ்சம் பாலேடு ஆகியவற்றைச் சேர்த்து அடித்து, பிஸ்கட் தூளும் வெண்ணெயும் பிசைந்து அழுத்திய அடித்தட்டின் மேல் ஊற்றி, மிதமான சூட்டில் வேக வைப்பது. தட்டைச் சுற்றி வெந்நீர் நிற்க வைத்து வேக விடுவதும் உண்டு. சூடு மிஞ்சினால் முட்டை இறுகிவிடும், மேலே வெடிப்பு விடும். வெந்த பிறகும் அவசரப்படக் கூடாது. நிதானமாக ஆற விட்டு, ஓர் இரவு குளிரில் வைத்தால்தான் பதம் கூடும்.

இதன் உயிர்நாடி கிரீம் சீஸ். அமெரிக்காவில் கிரீம் சீஸ் என்று பெயர் போட்டு விற்க வேண்டுமானால், பால் கொழுப்பு 33 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, ஈரம் 55 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம். கொழுப்பு இதற்குக் குறைந்து 20 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அதை நூஃப்ஷாடெல் என்ற வேறு பெயரில்தான் விற்கலாம். ஆக, கொள்முதல் செய்கிறவர் எந்தப் பெட்டியை வாங்குகிறாரோ அங்கேயே பாதித் தரம் முடிவாகிவிடுகிறது.

வேக வைக்காமல் ஜெலட்டின் சேர்த்து உறைய வைக்கும் வகையும் உண்டு. முட்டையும் அடுப்பும் தேவையில்லை, துண்டு போட்டால் அச்சு மாதிரி நிற்கும். ஆனால் ஜெலட்டின் கூடிவிட்டால் நாக்கில் கரையாமல் மென்று விழுங்க வேண்டிவரும். மூஸ் என்னும் நுரைத்த இனிப்புகளிலும் இது உண்டு. ஜெலட்டின் மாட்டுத் தோல், பன்றித் தோல், எலும்பு ஆகியவற்றிலிருந்து எடுப்பது. ஆகவே சைவ உணவுக்காரர்கள் கப்பலில் ஏறியதும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு வாரச் சரக்கு, ஒரே நாள் ஏற்றுமதி

இப்போது கப்பலின் கணக்கைப் பார்ப்போம். 2024 ஜனவரி 27 அன்று மியாமியிலிருந்து முதல் பயணம் புறப்பட்ட 'ஐகான் ஆஃப் த சீஸ்' என்ற ராயல் கரீபியன் கப்பலில் அதிகபட்சம் 7,600 பயணிகள் போகலாம். வேலை பார்ப்பவர்கள் மட்டும் 2,350 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு துண்டு இனிப்பு என்று வைத்துக்கொண்டாலும் ஏழு நாளைக்கு ஒரு இலட்சத்துக்கு மேல் வருகிறது. நம் ஊரில் பெரிய கல்யாணம் ஒன்றுக்கு இலை போட்டு முடிப்பதற்குள் நமக்கு மூச்சு வாங்குகிறது. அங்கே தினமும் கல்யாணம்.

இப்படிப்பட்ட கப்பல்கள் விடிகாலையில் துறைமுகத்துக்கு வந்து, அன்று மாலையே புறப்பட்டுவிடும். பழைய பயணிகள் இறங்குவதும், புதியவர்கள் ஏறுவதும், ஒரு வாரத்துச் சரக்கு உள்ளே போவதும் அந்தச் சில மணி நேரத்தில்தான். லாரி தாமதமானால் கப்பல் காத்திருக்காது. நடுக்கடலில் கிரீம் சீஸ் தீர்ந்தால் பக்கத்துக் கடைக்குப் பையனை அனுப்ப முடியாது. ஆகவே உறைநிலையில் வைத்தாலும் கெடாத பண்டங்களுக்கு அங்கே மதிப்பு அதிகம். கொழுப்பு மிகுந்த சீஸ் கேக் உறைநிலையை நன்றாகத் தாங்கும். ஆனால் அதை மெதுவாக, குளிர்ப்பெட்டிக்குள்ளேயே வைத்து இளக விட வேண்டும். அவசரத்துக்கு வெளியே வைத்தால் மேலே முத்து முத்தாக நீர் கோர்க்கும். அது இறங்கி அடித்தட்டு நமுத்துப் போகும்.

ஆயிரம் பேருக்கும் நன்றாக வருவது எது?

கூட்டம் பெரிதானால் தரம் குறைந்துதான் தீரும் என்று சொல்லிவிட முடியாது. கார்னிவல் கப்பல்களில் 'சாக்லேட் மெல்டிங் கேக்' என்று ஒன்று உண்டு. ஓரம் வெந்து நடுவில் குழம்பாக இருக்கும் கேக்கை, சின்னக் கிண்ணத்தோடு சுடச்சுடக் கொடுப்பார்கள். கூடவே வெனிலா ஐஸ்கிரீம். வருடக்கணக்காக அதற்கென்றே வாடிக்கைப் பயணிகள் இருக்கிறார்கள். காரணம் எளிது. மாவை முன்கூட்டியே கலந்து கிண்ணங்களில் ஊற்றி வைத்துக்கொள்ளலாம்; பரிமாறும் நேரத்துக்கு அடுப்பில் வைத்தால் போதும். வெந்த பண்டம் காத்திருப்பதில்லை. நம் ஊர் இட்லிக் கடை ரகசியமும் இதுதானே!

பழைய வழக்கமாக 'பேக்ட் அலாஸ்கா' என்ற இனிப்பும் உண்டு. கேக்கின் மேல் ஐஸ்கிரீம் வைத்து, முட்டை வெள்ளையும் சீனியும் அடித்த நுரையால் மூடி, மேலே மட்டும் சூடு காட்டுவார்கள். நுரைக்குள் இருக்கும் காற்று சூட்டை உள்ளே விடாது, ஐஸ்கிரீம் உருகாது. கடைசி நாட்களில் ஓர் இரவு, விளக்கை அணைத்துவிட்டுப் பணியாளர்கள் இதை ஊர்வலமாகத் தூக்கி வருவார்கள். பார்க்க அழகு. ஆனால் இதைத் தாமதமாக மேஜைக்குக் கொண்டுவந்தால் பாயசமாகிவிடும். மெல்டிங் கேக்குக்கும் இதற்கும் நேரம்தான் எஜமான்.

சட்டம் எதைக் காக்கிறது?

அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையமான சி.டி.சி. 1975 முதல் கப்பல்களின் சுகாதாரத்துக்கென்று ஒரு திட்டம் நடத்தி வருகிறது. முன்னறிவிப்பு இல்லாமல் ஏறிச் சோதிப்பார்கள். நூற்றுக்கு 85 அல்லது அதற்குக் கீழே வாங்கினால் தோல்வி. மதிப்பெண்ணைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடுகிறார்கள். பாலும் முட்டையும் சேர்ந்த பண்டம் 5 டிகிரி செல்சியசுக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். அப்படிக் குளிரில் வைக்காமல் பரிமாறுவதானால் நேரம் குறித்து வைத்து, நான்கு மணி நேரம் ஆனதும் கொட்டிவிட வேண்டும். தயாரான உணவை 24 மணி நேரத்துக்கு மேல் வைப்பதானால் அதில் தேதி போட வேண்டும்.

இவையெல்லாம் வயிற்றைக் காக்கும் விதிகள். நாக்கைக் காக்க விதி கிடையாது. மூன்றரை மணி நேரம் நின்ற கேக் சட்டப்படி சரிதான், தின்பவருக்குத்தான் சரியில்லை. நம் கடைச் சுவரில் மாட்டியிருக்கும் உணவுப் பாதுகாப்பு உரிமமும் இப்படித்தான். அது இருந்தே ஆக வேண்டும். ஆனால் அது மட்டும் வாடிக்கையாளரை மறுபடி கடைக்குக் கொண்டுவராது.

விலை போடாத சரக்கு

இன்னொன்றையும் கவனித்தேன். பஃபே இனிப்பின் விலை பயணச்சீட்டிலேயே அடங்கிவிடுகிறது. அதே கப்பலில் தனியே காசு கொடுத்துச் சாப்பிடும் உணவகங்களும் இனிப்புக் கடைகளும் உண்டு. அங்கே கேக் நன்றாகவே இருந்தது. தனி விலை போடாத சரக்கைப் பற்றி யாரும் புகார் சொல்வதில்லை. பாதி தின்று வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த மிச்சத் தட்டுதான் புகார்ப் புத்தகம். அதைப் படிக்கத் தெரிந்த நிர்வாகம் பிழைக்கும்.

இதை எழுதும்போது என் கடை ஞாபகம் வருகிறது. 1998 தீபாவளிக்கு முன்பு, விலை ஏறும் என்று கணக்குப் போட்டு, கோடையிலேயே பண்ருட்டி முந்திரி வாங்கித் தகரக் கூரைக் கிட்டங்கியில் அடுக்கினேன். வந்த சரக்கு முதல் தரம். ஐந்து மாதம் அங்கேயே கிடந்தது. பதினைந்து வருட வாடிக்கையான இனிப்புக் கடைக்காரர் ஒருவர், வாங்கிப்போன மறுநாளே டின்களைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கினார். திறந்தால் சிக்கு வாடை. "பண்ருட்டியிலிருந்து வரும்போது நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன். அவர் அமைதியாக, "அண்ணாச்சி, நான் உங்க கிட்டங்கியில வாங்கினேன், பண்ருட்டியில வாங்கல" என்றார். அந்தத் தீபாவளிக்கு அவர் வேறு இடத்தில் சரக்கு எடுத்தார். பிறகு திரும்பி வரவே இல்லை. முந்திரியில் போன பணத்தை இரண்டு வருடத்தில் ஈடு கட்டிவிட்டேன். அந்த வாடிக்கையை இன்று வரை ஈடு கட்ட முடியவில்லை.

கப்பலில் அந்தத் தம்பி சொன்னதும் இதே பாடம்தான். செய்தவர் கைப்பக்குவம் பாதி, சரக்கு காத்திருக்கும் இடம் மீதிப் பாதி. உற்பத்தியாளருக்கும் சில்லறைக் கடைக்கும் நடுவில் நிற்கும் நாம்தான் அந்தக் காத்திருக்கும் இடம்.

நான் என் கடையில் செய்து வருவதைச் சொல்கிறேன். சரக்கு வந்த தேதியை ஒவ்வொரு மூட்டையிலும் டின்னிலும் எழுதுகிறோம். முதலில் வந்தது முதலில் போகிறது. முந்திரி, ஏலக்காய், வெண்ணெய் வகைகளை விலை ஏற்றத்துக்காக மாதக்கணக்கில் வைப்பதில்லை. வாரம் ஒருமுறை ஏதாவது ஒரு டின்னைத் திறந்து நானே வாயில் போட்டுப் பார்க்கிறேன். திரும்பி வரும் சரக்கை வாதாடாமல் எடுத்துக்கொள்கிறோம்.

2022 ஜூனில் கார்டிலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் உல்லாசப் பயணம் தொடங்கியது. இத்தகைய கப்பல்களுக்குச் சரக்கு கொடுக்கும் வாய்ப்பு நம் உறுப்பினர்களுக்கும் வரலாம். அப்போது விலைப்பட்டியலோடு நம் கிட்டங்கியின் நிலையையும் காட்டத் தயாராக இருக்க வேண்டும். கப்பல் வராவிட்டாலும் நட்டமில்லை. தெருமுனை இனிப்புக் கடைக்காரர் நம்மிடம் எதிர்பார்ப்பதும் அதையேதான்.